15 வருஷம் காக்க வைத்த ஆல்பம்: வாசகர் கேள்விகள்

போன இதழில் வேறொரு கேள்விக்குப் பதில் சொல்லும்போது, அமெரிக்க ராக் குழுவான கன்ஸ் அண்ட் ரோசஸின் 'சைனீஸ் டெமாக்ரசி' ஆல்பத்தை இன்னொரு தடவை கேட்டுப் பாருங்கள் என்று ஒரு வரி எழுதியிருந்தேன். அந்த ஒரு வரிக்கு வந்த கடிதங்களே இந்த முறை பக்கத்தை நிரப்பிவிட்டன. நானும் அதைத்தான் நினைத்தேன் என்று சிலர், உங்களுக்கு என்ன ஆயிற்று என்று சிலர். இரண்டு தரப்பையும் கலந்தே போடுகிறேன்.

கே: பள்ளிக்கூட நாளிலிருந்து இந்தக் குழுவின் 'நவம்பர் ரெய்ன்' பாட்டைக் கேட்டு வளர்ந்தவன் நான். 2008-ல் இந்த ஆல்பத்தை ஆசை ஆசையாக வாங்கி, இரண்டு தடவை கேட்டுவிட்டு பீரோவில் போட்டதோடு சரி. உங்கள் வரியைப் படித்துவிட்டு எடுத்துக் கேட்டால் இப்போது பிடிக்கிறது. அதே சிடி, அதே பாட்டு. அன்றைக்கு என் காதுக்கு என்ன ஆயிற்று?
(வாசகர், சேலம்)

ப: காதுக்கு ஒன்றும் ஆகவில்லை. அன்றைக்கு நீங்கள் பாட்டுக் கேட்க உட்காரவில்லை, இத்தனை வருஷக் காத்திருப்புக்குக் கணக்குத் தீர்க்க உட்கார்ந்தீர்கள். உங்களைப் போல லட்சக்கணக்கான பேர். 1991 செப்டம்பரில் 'யூஸ் யுவர் இல்யூஷன்' இரண்டு பாகமும் ஒரே நாளில் வெளியாகி அமெரிக்கப் பட்டியலில் முதல் இரண்டு இடத்தையும் பிடித்தன. 1993 நவம்பர் 23-ல் மற்றவர்களின் பாட்டுகளை எடுத்துப் பாடிய ஓர் ஆல்பம் வந்தது. அப்புறம் சரியாக 15 வருஷம் கழித்து, 2008 நவம்பர் 23-ல் 'சைனீஸ் டெமாக்ரசி'. சொந்தப் பாட்டுகள் என்று பார்த்தால் 17 வருஷ இடைவெளி. பதினேழு வயதில் காத்திருக்க ஆரம்பித்தவர் முப்பத்து நாலு வயதில், கல்யாணமாகி வேலை குடும்பம் என்று ஆனபிறகு, அந்தப் பதினேழு வயதுப் பையனுக்காக அதைக் கேட்கிறார். எந்த ஆல்பம் அதைத் தாங்கும்?

இன்னொரு காரணமும் உண்டு, இதை யாரும் அதிகம் பேசுவதில்லை. இந்த ஆல்பத்தின் ஒலி 1998-ஐச் சேர்ந்தது. நைன் இன்ச் நெய்ல்ஸ் மாதிரியான குழுக்கள் கிடாரையும் இயந்திரத் தாளத்தையும் குழைத்துக்கொண்டிருந்த காலத்தில் இதன் வேலை தொடங்கியது, அந்தக் குழுவில் வாசித்த ராபின் ஃபிங்க்தான் இங்கே முக்கியமான கிடாரிஸ்ட். வெளியே வந்தபோது அந்த ஒலிக்குப் பத்து வயதாகிவிட்டது. பத்து வருஷம் பழைய ஒலியை விடக் காதுக்குச் சங்கடமானது வேறில்லை, அது பழையதாகவும் இருக்காது புதியதாகவும் இருக்காது. இப்போதோ 1998-ம் தூரம், 2008-ம் தூரம். எந்த வருஷத்து ஒலி என்ற கேள்வியே எழாமல் பாட்டு மட்டும் காதில் விழுகிறது. உங்களுக்கு இப்போது பிடிப்பதற்கு அதுவும் ஒரு காரணம் என்று நினைக்கிறேன்.

கே: எனக்கு 21 வயது. ஸ்லாஷ் இருக்கிற கன்ஸ் அண்ட் ரோசஸ்தான் எனக்குத் தெரியும். ஒரு ஆல்பம் எடுக்க எதற்கு இத்தனை வருஷம்? கதையைச் சொல்லுங்களேன்.
(வாசகி, நாகர்கோவில்)

ப: ஆள் போய்விட்டது, அதுதான் ஆரம்பம். டிரம்மர் ஸ்டீவன் ஆட்லர் 1990-லேயே நீக்கப்பட்டார், பல பாட்டுகளை எழுதிய இஸ்ஸி ஸ்ட்ராட்லின் 1991-ல் விலகினார், கிடாரிஸ்ட் ஸ்லாஷ் 1996-ல், பாஸ் வாசித்த டஃப் மெக்கேகன் 1997-ல். பழைய ஆட்களில் மிஞ்சியவர்கள் பாடகர் ஆக்ஸல் ரோஸும் கீபோர்டு வாசித்த டிஸ்ஸி ரீடும் மட்டும். பெயர் ஆக்ஸல் கையில் இருந்தது, குழு இல்லை. அவர் புதிதாக ஆள் சேர்த்தார்: ரீப்ளேஸ்மென்ட்ஸ் குழுவின் டாமி ஸ்டின்சன், டிரம்மர் ஜோஷ் ஃப்ரீஸ், ராபின் ஃபிங்க், 2000-ல் பக்கெட்ஹெட். இந்த பக்கெட்ஹெட், முகத்தில் வெள்ளை முகமூடியும் தலையில் கோழிக்கறி பக்கெட்டுமாக மேடையேறுகிற அபாரமான கிடாரிஸ்ட். அவர் உட்கார்ந்து வாசிக்க ஸ்டூடியோவுக்குள்ளேயே கோழிக்கூண்டு மாதிரி ஒன்றைக் கட்டிக் கொடுத்தார்கள் என்று நியூயார்க் டைம்ஸ் எழுதியது.

ஆட்கள் வந்தார்கள், போனார்கள், ஒவ்வொருவர் போனபோதும் வேலை பின்னுக்குப் போனது. தயாரிப்பாளர்களும் அப்படித்தான். யூத் என்ற பெயரில் இயங்கும் ஆங்கிலேயர், ஷான் பீவன், குயீன் குழுவின் பெரிய ஆல்பங்களைத் தயாரித்த ராய் தாமஸ் பேக்கர் என்று மாறி மாறி வந்து, கடைசியில் கேரம் கோஸ்டான்சோவும் ஆக்ஸலுமே முடித்தார்கள். ஜோஷ் ஃப்ரீஸ் விலகியதும் அவர் இடத்துக்கு வந்த பிரெய்ன் என்ற டிரம்மர் பின்னாளில் ஒரு விஷயம் சொன்னார். ஜோஷ் வாசித்தது ஆக்ஸலுக்கு ரொம்பப் பிடித்திருந்தது, ஆனால் புது ஆளின் கை வேண்டும் என்றார். அதனால் ஜோஷின் வாசிப்பு முழுவதையும் ஒருவரை வைத்துத் தாளில் எழுத வைத்து, அதைப் பார்த்து அடி அடியாகத் திரும்ப வாசித்தாராம். அதைக் கேட்டால் 15 வருஷம் எப்படிப் போயிற்று என்று புரியும்.

செலவு 13 மில்லியன் டாலரைத் தாண்டியது என்று 2005-லேயே நியூயார்க் டைம்ஸ் எழுதியது. ஆல்பம் வர அதற்கு மேலும் மூன்று வருஷம் ஆயிற்று.

கே: ஸ்லாஷ் இல்லாமல், இஸ்ஸி இல்லாமல், டஃப் இல்லாமல் அந்தப் பெயரை அட்டையில் போட்டதே ரசிகர்களுக்குச் செய்த துரோகம். ஆக்ஸல் ரோஸ் என்று தன் பெயரில் போட்டிருந்தால் நானும் ரசித்திருப்பேன். மறுபரிசீலனை எல்லாம் சரி, இதற்குப் பதில் உண்டா?
(வாசகர், மதுரை)

ப: உண்டு, பாதி உங்களோடு ஒத்துப்போகிற பதில். இது தனி மனிதர் ஒருவரின் ஆல்பம், அதில் சந்தேகமே வேண்டாம். 1987-ல் வந்த 'ஆப்பெடைட் ஃபார் டிஸ்ட்ரக்‌ஷன்' ஐந்து பேர் ஒரே அறையில் வியர்க்க வியர்க்க வாசித்தது, ஒருவர் கொஞ்சம் பிசகினாலும் மற்ற நாலு பேர் இழுத்துப் பிடித்துக்கொள்வார்கள், அந்தத் தள்ளாட்டமே அதன் அழகு. இங்கே தள்ளாட்டம் கிடையாது, எல்லாம் அடுக்கி ஒட்டியது.

ஆனால் பெயரை மாற்றிப் போட்டிருந்தால் நீங்கள் ரசித்திருப்பீர்கள் என்று சொல்கிறீர்களே, அதுதான் என் கட்சிக்கு நீங்களே தருகிற சாட்சி. அட்டையில் இருக்கிற பெயர் மேல் உள்ள கோபத்தை உள்ளே இருக்கிற பாட்டு மேல் காட்டினோம். ஸ்லாஷே ஆல்பம் வந்த புதிதில் அதைப் பாராட்டித்தான் பேசினார், ஆக்ஸலின் மனசுக்குள் இருந்தது வெளியே வந்திருக்கிறது என்கிற தோரணையில். விட்டுப் போனவரே அப்படிச் சொன்னபோது ரசிகர்கள் நாம் அவருக்காகச் சண்டை போட்டுக்கொண்டிருந்தோம்.

2016 ஏப்ரலில் ஸ்லாஷும் டஃபும் திரும்பி வந்த பிறகு நடந்ததைப் பாருங்கள். தலைப்புப் பாட்டையும் 'பெட்டர்' பாட்டையும் 'திஸ் ஐ லவ்' பாட்டையும் அவர்களே ஊர் ஊராக மேடையில் வாசித்தார்கள். தான் இல்லாதபோது இன்னொருவர் போட்ட சோலோவை, அதாவது கிடார் தனித்து ஒலிக்கும் பகுதியை, ஸ்லாஷ் தன் விரலால் வாசித்தார். அந்தப் பாட்டுகளைக் குழுவின் கணக்கில் சேர்க்காமல் பிடிவாதம் பிடித்த பல பழைய ரசிகர்கள் அந்த நிகழ்ச்சிகளுக்குப் பிறகுதான் இறங்கி வந்தார்கள். எனக்கு என்னவோ 'திஸ் ஐ லவ்' சோலோவில் ஃபிங்கின் பதிவுதான் மேல். ஸ்லாஷ் வாசிக்கும்போது அழகாக இருக்கிறது, ஃபிங்க் வாசிக்கும்போது வலிக்கிறது.

கே: இதுவரை கேட்டதில்லை. எந்தப் பாட்டில் ஆரம்பிக்கட்டும்?
(வாசகி, தஞ்சாவூர்)

ப: 'தேர் வாஸ் எ டைம்'. யோசிக்கவே வேண்டாம். ஹெட்போனில் கேளுங்கள்.

ஆறரை நிமிடத்துக்கு மேல் ஓடும். கோரஸ் குரல்களும் அடக்கமான ஒரு தாளமுமாக ஆரம்பிக்கும், அப்புறம் வயலின் கூட்டம் வரும். அந்த ஆர்கெஸ்ட்ராவுக்கு வேலை பார்த்தவர்களில் ஒருவர் பால் பக்மாஸ்டர், எழுபதுகளின் தொடக்கத்தில் ஆங்கிலப் பாடகர் எல்டன் ஜானின் ஆல்பங்களுக்கு வயலின் பகுதிகளை எழுதியவர். ஆக்ஸலுக்கு எல்டன் ஜான் என்றால் உயிர், 'நவம்பர் ரெய்ன்' பியானோவே அந்த மோகத்தில் பிறந்ததுதான், ஆக அந்த ஆளையே கூட்டி வந்துவிட்டார். பாட்டு ஒரு பிரிவைப் பற்றியது. ஆக்ஸல் முதலில் கீழ்க்குரலில், கிட்டத்தட்டப் பேசுகிற மாதிரி, கசப்போடு குற்றம் சாட்டிக்கொண்டே போவார். ஒவ்வொரு சுற்றிலும் குரல் ஒரு படி ஏறும். கடைசிப் பகுதியில் கிடார் சோலோ கட்டவிழ்ந்து ஓட, அந்தக் குரல் உச்சியில் நின்று ஒரே வரியைத் திரும்பத் திரும்பக் கெஞ்சும். குற்றம் சாட்டியவரும் கெஞ்சுகிறவரும் ஒரே ஆள் என்பது அப்போதுதான் உறைக்கும். சிடியோடு வந்த சின்னப் புத்தகத்தில் இந்தப் பாட்டின் சோலோவுக்கு ஃபிங்க், பக்கெட்ஹெட் இருவர் பேரும் போட்டிருக்கும். ஒருவர் ஒரு சுரத்தை இழுத்து அழ வைப்பார், இன்னொருவர் அள்ளி இறைப்பார், ஒரே பாட்டில் இரண்டும் பொருந்திப் போகிறது.

ஆக்ஸல் ரோஸுக்கு அப்போது நாற்பது தாண்டிவிட்டது. 1987-ல் அந்தக் குரலில் திமிர் இருந்தது. இங்கே இருப்பது விட்டுப் போனவர்களை நினைத்து உறங்காத ஒரு மனிதரின் பிடிவாதம். இந்த ஆல்பத்தை நான் விடாமல் பிடித்துக்கொண்டிருப்பது அதற்காகத்தான். பாட்டுக்குப் பாட்டு யாரோ ஒருவரிடம் நியாயம் கேட்டுக்கொண்டே இருக்கிறார். யாரிடம் என்று ரசிகர்கள் ஆளுக்கொரு பெயர் சொல்வார்கள், 'சாரி' பாட்டு ஸ்லாஷுக்கு எழுதியது என்று அடித்துச் சொல்கிறவர்கள் உண்டு. எனக்கு அந்த ஆராய்ச்சியில் ஆர்வமில்லை. கேட்கிற குரல் உண்மையாக இருக்கிறது, அது போதும்.

அதற்கு அடுத்து 'பெட்டர்', அதற்கு அடுத்து 'மடகாஸ்கர்'. அந்த மூன்றும் பிடிக்கவில்லை என்றால் ஆல்பத்தை விட்டுவிடுங்கள், தப்பில்லை.

கே: என் பழைய சிடியைப் போட்டால் மற்ற சிடிக்களைவிடச் சத்தம் கம்மியாக இருக்கிறது. பதிவுக் கோளாறா?
(வாசகர், கோவை)

ப: கோளாறே இல்லை, இந்த ஆல்பத்தின் பெரிய பெருமைகளில் ஒன்று அது. இந்தக் கேள்விக்கு உங்களுக்கு நன்றி.

அந்த வருஷங்களில் ஒலிப்பதிவில் ஒரு போட்டி நடந்துகொண்டிருந்தது. யார் ஆல்பம் சத்தமாகக் கேட்கிறது என்ற போட்டி. பாட்டில் மெதுவான இடம், உரத்த இடம் என்று இரண்டு இருக்கும் அல்லவா, மாஸ்டரிங் என்கிற கடைசிக் கட்ட வேலையில் மெதுவான இடத்தையும் தூக்கி உரத்த இடத்துக்குச் சமமாக ஆக்கிவிடுவார்கள். முதல் நொடியில் காதைப் பிடிக்கும், நாலாவது பாட்டில் தலை வலிக்கும், கல்யாண மண்டபத்து ஸ்பீக்கர் பக்கத்தில் இலை போட்டு உட்கார்ந்த மாதிரி. அதே 2008 செப்டம்பரில் வந்த மெட்டாலிகாவின் 'டெத் மேக்னெடிக்' இதில் மாட்டிக்கொண்டது. அதே பாட்டுகள் 'கிட்டார் ஹீரோ' வீடியோ கேமில் இன்னும் தெளிவாகக் கேட்கின்றன என்று ரசிகர்கள் கண்டுபிடித்துப் பெரிய சண்டையே போட்டார்கள்.

'சைனீஸ் டெமாக்ரசி'க்கு மாஸ்டரிங் செய்தவர் பாப் லட்விக், அந்தத் தொழிலில் மூத்த கை. அவர் மூன்று விதமாகச் செய்து அனுப்பினார், ஒவ்வொன்றிலும் அழுத்தம் ஒவ்வொரு அளவு. ஆக்ஸலும் கோஸ்டான்சோவும் எதைத் தேர்ந்தெடுத்தார்கள் தெரியுமா? சத்தத்துக்காக அழுத்தவே அழுத்தாத வடிவத்தை. லட்விக்கே ஆச்சரியப்பட்டு, சந்தோஷப்பட்டு அதைப் பற்றி எழுதினார். 15 வருஷம் உழைத்ததை நசுக்கிக் கொடுக்க அந்த மனிதருக்கு மனசு வரவில்லை.

2008-ல் இது அவருக்கு எதிராகவே வேலை செய்தது. சிடி மாற்றி சிடி போடுகிறவர்களுக்கு இது மட்டும் மந்தமாகக் கேட்டது. இப்போது பாட்டு ஆப்களில் எல்லாப் பாட்டையும் ஏறத்தாழ ஒரே சத்த அளவுக்குக் கொண்டுவந்து ஒலிக்கவிடும் வசதி இருக்கிறது. அப்படிச் செய்யும்போது நசுக்கிய ஆல்பங்கள் தட்டையாக நிற்கும், இது உயிரோடு எழுந்து நிற்கும். இளம் ரசிகர்கள் பலர் இதன் ஒலியைப் புகழ்வதற்கு இது பெரிய காரணம். நீங்கள் செய்ய வேண்டியது ஒன்றுதான், வால்யூம் குமிழைக் கொஞ்சம் திருப்புங்கள்.

கே: சீனாவில் தடை செய்தார்கள் என்பது நிஜமா?
(வாசகர், வேலூர்)

ப: அங்கே கடைகளில் விற்கப்படவில்லை. தலைப்பே போதுமானதாக இருந்தது, போதாததற்குத் தலைப்புப் பாட்டில், சீன அரசு தடை செய்த ஃபாலுன் காங் ஆன்மீக இயக்கத்தின் பெயரும் வருகிறது. குளோபல் டைம்ஸ் என்ற சீன நாளேடு, சீனாவை விஷத்தோடு தாக்குகிற ஆல்பம் என்று எழுதியது. அதற்காக இதை ஒரு அரசியல் ஆல்பம் என்று நினைத்துவிடாதீர்கள், மற்றப் பாட்டுகள் எல்லாம் காதல், பிரிவு, வழக்கு, வன்மம்.

கே: வெளிவந்த ஆல்பத்தைவிட 2006-ல் கசிந்த பதிவுகள்தான் உயர்ந்தவை என்று என் அண்ணன் சத்தியம் செய்கிறார். சரியா?
(வாசகி, சென்னை)

ப: உங்கள் அண்ணன் அந்தக் காலத்துத் தீவிர ரசிகர் என்று தெரிகிறது, வணக்கம் சொல்லுங்கள். இந்த ஆல்பத்துக்கு ஒரு விநோதமான விதி. வெளியாகும் முன்னாலேயே அதைக் கரைத்துக் குடித்தவர்கள் இருந்தார்கள். 2001 ஜனவரியில் ரியோவில் நடந்த பெரிய விழாவிலேயே 'மடகாஸ்கர்' பாடினார்கள், இப்போது 'ஸ்ட்ரீட் ஆஃப் ட்ரீம்ஸ்' என்று இருக்கிற பாட்டை 'தி ப்ளூஸ்' என்ற பெயரில் பாடினார்கள். 2003-ல் 'ஐ.ஆர்.எஸ்' பாட்டு ஒரு பேஸ்பால் வீரர் கைக்குப் போய் அங்கிருந்து ரேடியோவில் ஒலித்தது. 2006-ல் நாலைந்து பாட்டுகள் கசிந்தன. 2008 ஜூனில் ஒருவர் ஒன்பது பாட்டுகளை இணையத்தில் போட, எஃப்.பி.ஐ வந்து கைது செய்தது.

ஆக இறுதி வடிவம் வந்தபோது உங்கள் அண்ணன் மாதிரி ஆட்கள் புதுப் பாட்டுக் கேட்கவில்லை, மனப்பாடமான பாட்டில் என்ன மாறியது என்று தேடினார்கள். பழைய பதிவில் 'பெட்டர்' இன்னும் முரட்டுத்தனமாக இருந்தது, ஒப்புக்கொள்கிறேன். 'கேச்சர் இன் தி ரை' பாட்டுக்கு குயீன் குழுவின் பிரையன் மே வந்து கிடார் வாசித்துக் கொடுத்தார், அது இறுதி வடிவத்தில் இல்லை, அந்த நீக்கத்தை என்னால் இன்றுவரை ஜீரணிக்க முடியவில்லை. ஆனால் 'தேர் வாஸ் எ டைம்' இறுதி வடிவம் பழையதைவிடப் பல மடங்கு பெரியது. ஒன்று நிச்சயம், பழைய பதிவுகளைக் கேட்காமல் நேராக ஆல்பத்துக்கு வந்தவர்கள்தான் இதை மனத்தடை இல்லாமல் முதலில் ரசித்தார்கள்.

கே: குளிர்பானக் கம்பெனி ஒன்று இந்த ஆல்பத்தை வைத்துப் பந்தயம் கட்டியதாமே?
(வாசகர், ஈரோடு)

ப: டாக்டர் பெப்பர். 2008-க்குள் ஆல்பம் வந்தால் ஸ்லாஷையும் பக்கெட்ஹெட்டையும் தவிர அமெரிக்காவில் எல்லோருக்கும் ஒரு கேன் இலவசம் என்று அந்த வருஷம் மார்ச்சில் அறிவித்தார்கள். ஆல்பம் வந்தேவிட்டது. கூப்பன் வாங்க ஒரே நாள் கொடுத்தார்கள், இணையதளம் கூட்டம் தாங்காமல் படுத்துவிட்டது, ஆக்ஸலின் வக்கீல் நோட்டீஸ் அனுப்பினார். இதைச் சொல்வதற்குக் காரணம், அந்த வாரம் செய்திகளில் பாட்டைவிட இந்தப் பான விவகாரம்தான் அதிகம் அடிபட்டது. ஆக்ஸல் பேட்டி கொடுக்கவில்லை, வீடியோ வெளியிடவில்லை, அமெரிக்காவில் ஒரே ஒரு கடைச் சங்கிலியில் மட்டும் விற்றார்கள், சுற்றுப்பயணம் ஒரு வருஷம் கழித்து 2009 டிசம்பரில்தான் தைவானில் தொடங்கியது. முதல் வாரம் 2 லட்சத்து 61 ஆயிரம் விற்று பட்டியலில் மூன்றாவது இடம். கெட்ட எண்ணிக்கை இல்லை, ஆனால் இந்தக் குழுவுக்கு அது தோல்வி என்று முத்திரை குத்தினார்கள். பாட்டைப் பற்றிப் பேச யாருமே இல்லாமல் ஒரு ஆல்பம் வந்தது, அந்த வருத்தம் எனக்கு இன்னும் போகவில்லை.

கே: 15 வருஷம் கழித்தால் எல்லாக் குப்பையும் மாணிக்கமா? ரோலிங் ஸ்டோன் பத்திரிகையில் அப்போதே நாலு ஸ்டார் கொடுத்தார்கள், அதைப் படித்து ஏமாந்தவன் நான். உங்கள் பேச்சைக் கேட்டு மறுபடி கேட்டேன். மறுபடியும் அலுப்பு.
(வாசகர், திருச்சி)

ப: கேட்டுப் பார்த்தீர்களே, அதுவே பெரிது. மாணிக்கம் என்று நான் சொல்லவில்லை. மறுபடி கேட்கிறவர்கள் எதிர்ப்பக்கம் போய் விழுவதையும் பார்க்கிறேன், இதுதான் குழுவின் சிறந்த ஆல்பம் என்று சிலர் சொல்ல ஆரம்பித்திருக்கிறார்கள். அதை ஏற்க மாட்டேன். 'ஆப்பெடைட்' பக்கத்தில் இதை வைக்கவே முடியாது.

எனக்குப் பிடிக்காததைச் சொல்கிறேன். 'ஸ்க்ரேப்ட்' வெறும் நிரப்பல். 'ரியாட் அண்ட் தி பெடூயின்ஸ்' கத்தலாகத் தொடங்கிக் கத்தலாக முடிகிறது. 'ஷேக்லர்ஸ் ரிவெஞ்ச்' பாட்டில் கிடார் மேல் கிடார், குரல் மேல் குரல், அதன் மேல் இயந்திரச் சத்தம், எதைக் கேட்பதென்று தெரியாமல் காது தடுமாறுகிறது. பல வருஷம் கையில் இருந்ததால் எதையும் கழிக்க மனசு வராமல் சேர்த்துக்கொண்டே போயிருக்கிறார்கள். 71 நிமிட ஆல்பத்தில் இருபது நிமிடத்தை வெட்டியிருந்தால் இன்றைக்கு இந்தக் கடிதப் போக்குவரத்தே தேவைப்பட்டிருக்காது.

'மடகாஸ்கர்' பாட்டின் நடுவில் மார்ட்டின் லூதர் கிங் பேச்சையும் படங்களின் வசனங்களையும் கோர்த்திருக்கிறார்கள். அதில் ஒரு வசனம் குழுவின் பழைய 'சிவில் வார்' பாட்டின் தொடக்கத்திலும் வந்ததுதான். சிலருக்கு அது மிகை, உங்களுக்கும் அப்படித்தான் பட்டிருக்கும். எனக்கு அங்கேதான் மயிர்க்கூச்செறிகிறது. இதில் உங்களை வாதாடி ஜெயிக்க நான் விரும்பவில்லை.

கே: அந்த ஸ்டூடியோ வருஷங்களில் எடுத்த மற்றப் பாட்டுகள் என்ன ஆயின? பெங்களூருவில் 2012-ல் அவர்கள் வாசித்ததைப் பார்த்தவன் என்ற உரிமையில் கேட்கிறேன்.
(வாசகர், ஓசூர்)

ப: கொடுத்து வைத்தவர். அந்த 2012 டிசம்பர் மேடையில் ஸ்டின்சன், ரிச்சர்ட் ஃபோர்டஸ், பம்பிள்ஃபுட், டிஸ்ஸி ரீட் என்று இந்த ஆல்பத்தில் வாசித்தவர்கள் பலர் இருந்தார்கள். அந்த அணியை நேரில் பார்த்தது இன்றைக்குத்தான் பெருமையாகத் தெரியும்.

மீதிப் பாட்டுகள் ஒவ்வொன்றாக வெளியே வருகின்றன. 2001 மேடைகளில் 'சில்க்வர்ம்ஸ்' என்று பாடிய பாட்டு 2021 ஆகஸ்ட்டில் 'அப்சர்ட்' என்று வந்தது, அடுத்த மாதமே 'ஹார்ட் ஸ்கூல்'. 2023-ல் 'பெர்ஹாப்ஸ்', 'தி ஜெனரல்'. பழைய பதிவின் மேல் ஸ்லாஷும் டஃபும் புதிதாக வாசித்துச் சேர்த்தவை. 'ஹார்ட் ஸ்கூல்' கேட்டுவிட்டு, இது 2008-ல் ஆல்பத்தில் இருந்திருந்தால் பழைய ரசிகர்கள் அவ்வளவு கோபப்பட்டிருக்க மாட்டார்களே என்று தோன்றியது. நேரடியான, வேகமான, பழைய வாசனை உள்ள பாட்டு. அதைப் பெட்டியில் வைத்துப் பூட்டிவிட்டு 'ஸ்க்ரேப்ட்' பாட்டுக்கு இடம் கொடுத்தது ஏன் என்று ஆக்ஸலிடம்தான் கேட்க வேண்டும்.

கே: கடைசிப் பாட்டின் தலைப்பு 'ப்ராஸ்டிட்யூட்'. வீட்டில் பெரியவர்கள் இருக்கும்போது போடலாமா?
(வாசகி, திருநெல்வேலி)

ப: தாராளமாக. தலைப்பைப் பார்த்து நினைக்கிற எதுவும் அதில் கிடையாது. பணத்துக்கும் புகழுக்கும் தன்னை விற்றுவிட்டோமா, தனக்குப் பிரியமானவர்களைக் காப்பாற்றத் தவறிவிட்டோமா என்று ஒருவர் தன்னையே கேட்டுக்கொள்கிற பாட்டு. பாட்டு முடிந்த பிறகும் ஆர்கெஸ்ட்ரா மட்டும் கொஞ்ச நேரம் ஓடும், அதற்குள் நிறுத்திவிடாதீர்கள்.

கே: நீங்களே வரிசைப்படுத்தினால் இந்த ஆல்பம் எப்படி இருக்கும்? நான் ஒன்பது பாட்டு வைத்திருக்கிறேன், இணைத்திருக்கிறேன்.
(வாசகர், புதுச்சேரி)

ப: உங்கள் பட்டியலைப் பார்த்தேன். 'இஃப் தி வேர்ல்ட்' பாட்டை நீக்கியது எனக்கு ஒப்புதல் இல்லை. அந்த ஸ்பானியக் கிடார் தொடக்கமும் மந்தமான தாளமும் இந்தக் குழு வேறெங்கும் செய்யாதது, அதை வைத்துக்கொள்ளுங்கள். என் பட்டியல் பத்து: தலைப்புப் பாட்டு, 'பெட்டர்', 'ஸ்ட்ரீட் ஆஃப் ட்ரீம்ஸ்', 'இஃப் தி வேர்ல்ட்', 'ஐ.ஆர்.எஸ்', 'கேச்சர் இன் தி ரை', 'மடகாஸ்கர்', 'திஸ் ஐ லவ்', 'தேர் வாஸ் எ டைம்', 'ப்ராஸ்டிட்யூட்'. 'சாரி' பாட்டை விட மனசே வரவில்லை, ஆனால் 'திஸ் ஐ லவ்' பக்கத்தில் இன்னொரு மெதுவான பாட்டு வேண்டாம் என்று விட்டேன். மற்ற வாசகர்களும் தங்கள் வரிசையை அனுப்பலாம். பத்துக்கு மேல் போகக் கூடாது, 'தேர் வாஸ் எ டைம்' கட்டாயம் இருக்க வேண்டும்.